காளான் நஞ்சும் மூலிகை முறிவும்: ஒரு விளக்கம்

முன்னுரை

மழைக்குப் பின் சமயநல்லூரைச் சூழ்ந்த வைகைச் சமவெளியில் கரையான் புற்றருகிலும் மக்கிய வைக்கோலிலும் காளான் முளைத்தல் இயல்பு. ‘பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம்’ என்னும் பழமொழி, எந்நஞ்சுக்கும் மூலிகை முறிவு உண்டென்ற மக்கள் நம்பிக்கையைக் காட்டுகிறது. அந்நம்பிக்கை காளான் நஞ்சுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இலக்கியச் சான்று

சங்க நூல்கள் காளானை ‘ஆம்பி’, ‘காளாம்பி’ எனக் குறிக்கின்றன. புறநானூற்றிலும் (164) சிறுபாணாற்றுப்படையிலும் அது சமைத்தல் மறந்த அடுக்களையின் அடையாளம். சிறுபாணாற்றுப்படையில் வறுமையுற்ற பெண் குப்பைக் கீரையைக் கொய்து உப்பின்றி வேகவைக்கிறாள். அடுக்களையில் பூத்த காளானைச் சமைத்ததாகக் குறிப்பில்லை. எனினும், இஃதொன்றையே கொண்டு நச்சுக்காளான் பற்றிய அறிவு அன்றிருந்ததெனத் துணிதல் இயலாது.

நஞ்சின் இயல்பு

காளான் நஞ்சு ஒன்றன்று, பல. அவற்றுள் கொடியது அமனிட்டா இனங்கள் சிலவற்றில் உள்ள அமடாக்சின். சமைத்தாலும் அது அழிவதில்லை. வெண்காளானாகிய அமனிட்டாவின் இளம்பருவம், வைக்கோல் காளானைப் போலவே அடியில் உறையுடன் தோன்றும். ஆதலின் தேர்ந்தவரும் ஏமாறுவர். உண்டபின் 6 முதல் 24 மணி நேரம் வரை குறிகள் தோன்றா. பின்னர் வாந்தியும் கழிச்சலும் கண்டு, அவை தணிந்து நலம் பெற்றாற்போல் ஓர் இடைநிலை வரும். அவ்விடைநிலையிலும் நஞ்சு கல்லீரல் உயிரணுக்களின் புரத ஆக்கத்தைத் தடுத்து அவற்றைச் சிதைக்கிறது. 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக்காளான் உண்ட 13 பேர் இறந்தனர். அவருள் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர்.

மூலிகைகளின் எல்லை

மூலிகைகளுள் அமடாக்சினுக்கு எதிராகச் செயல்முறை தெளிவுற அறியப்பட்டது, மத்தியதரைக் கடற்பகுதியைத் தாயகமாகக் கொண்ட சிலிபம் மரியானம் என்னும் முட்செடியின் விதையிலிருந்து பெறும் சிலிபினின் ஆகும். அது நஞ்சு கல்லீரல் உயிரணுவினுள் புகும் வாயிலை அடைக்கிறது. எனினும், மருத்துவமனையில் அது தூய்மைப்படுத்தப்பட்டு நரம்புவழிச் செலுத்தப்படுகிறது, கஷாயமாகக் கொடுக்கப்படுவதன்று. அதன் பயனுக்கான சான்றும் பெரும்பாலும் நோயாளர் பதிவுகளே.

நம் நாட்டில் காமாலைக்கு வழங்கும் கீழாநெல்லி குறித்து 1988இல் தியாகராசன் முதலியோர் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு, ஹெபடைடிஸ் பி நோய்க்கிருமியைப் பற்றியது. பின்வந்த ஆய்வுகள் பல அம்முடிவை உறுதிப்படுத்தவில்லை. கிருமியால் வரும் காமாலைக்குரிய மருந்தைக் காளான் நஞ்சுக்கு முறிவெனக் கொள்ளுதல் பொருந்தாது.

தொகுப்புரை

‘நச்சுமுறிவு’ என்னும் ஒரே சொல், நஞ்சைக் குடலில் தடுத்தல், உறுப்பினுள் புகாமற்காத்தல், கெட்ட உறுப்பைத் தேற்றுதல் ஆகிய மூன்று வேறு செயல்களையும் குறிக்கிறது. குணபாட நூல்களைப் பதிப்பிப்போரும் விளக்குவோரும் எந்நஞ்சு, எந்நிலை எனப் பிரித்துரைத்தல் கடன். இல்லையேல் சொல்லின் மயக்கம் உயிர்க்கேடாகும். காளான் உண்டபின் வாந்தி கண்டவர், அது தணிந்தாலும், மருந்தரைத்து வீட்டில் காத்திராது உடனே மருத்துவமனையை நாடுதலே தக்கது. எஞ்சிய காளானையும் உடன்கொண்டு செல்லுதல் இனங்காண உதவும்.