ஒறுத்தலின் இலக்கு அன்பே

ஆண்டுதோறும் விபூதிப் புதனுடன் ஆரம்பமாகும் தபசு காலத்தில் கத்தோலிக்க மக்கள் செபம், உபவாசம், தானதர்மம் ஆகியவற்றில் சிறப்பாக ஈடுபடுகின்றனர். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பின்படி, விபூதிப் புதனிலும் பெரிய வெள்ளியிலும் 18 வயது நிறைந்தோர் தமது 60ஆவது வயது தொடங்கும் வரை ஒருசந்தி அனுசரித்தல் வேண்டும். 14 வயது நிறைந்தோருக்குச் சுத்தபோசனம் கடமையாகும். இந்துக்களின் விரதத்தையும் இஸ்லாமியரின் றமழான் நோன்பையும் அறிந்த நமக்கு இவை அந்நியமானவையல்ல. எனினும், உடலை ஒறுப்பதால் ஆன்மா அடையும் பயன் யாது என்ற வினா எச்சமயத்தவர்க்கும் பொதுவானதே.

கிறிஸ்தவத் துறவின் முன்னோடிகளில் ஒருவர் எகிப்தின் வனத்து அந்தோனியார். நம்நாட்டவர் நன்கறிந்த பதுவைப் புனித அந்தோனியாரினின்றும் இவர் வேறானவர். 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இவர், தமது சொத்துக்களை ஏழைகளுக்கு ஈந்த பின்னரே துறவு பூண்டார். உணவைக் குறைப்பதற்கு முன்னர் உடைமையைப் பகிர்ந்தார் என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

இக்கருத்து அவருக்கும் முற்பட்டதாகும். 2ஆம் நூற்றாண்டில் உரோமையில் எழுந்த 'எர்மாவின் மேய்ப்பர்' என்னும் நூல், நோன்பு நாளில் உண்ணாது விட்ட உணவின் பெறுமதியைக் கணித்து, அதனை விதவைக்கோ அநாதைக்கோ வறியவருக்கோ வழங்குமாறு பணிக்கின்றது.

எகிப்தியத் துறவிகளிடையே வாழ்ந்த யோவான் கசியான் மற்றுமோர் அனுபவத்தைப் பதிவு செய்துள்ளார். விருந்தினர் வந்ததும் அங்குள்ள மூத்த துறவிகள் தமது நோன்பை நிறுத்தி அவர்களுடன் உணவருந்தினர். நோன்பைப் பின்னரும் நோற்கலாம். ஆனால் வந்தவரை உபசரிப்பது இறைவனின் கட்டளை என்பதே அதற்கு அவர்கள் கூறிய காரணமாகும்.

ஒறுத்தலில் தற்பெருமை புகுந்துவிடும் ஆபத்தும் உண்டு. 6ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் வகுத்த ஒழுங்குவிதிகள், தபசு காலத்தில் தாம் மேற்கொள்ளவிருக்கும் ஒறுத்தலை ஒவ்வொரு துறவியும் மடாதிபதிக்கு அறிவித்து அனுமதி பெறவேண்டும் என்கின்றன. அனுமதியின்றிச் செய்யும் ஒறுத்தல் புண்ணியமாகாது, வீண்பெருமையாகவே கொள்ளப்படும்.

ஆகவே, ஒறுத்தல் என்பது உடலின் மீதான வெறுப்பன்று. தன்னலத்தின் பிடியிலிருந்து மனிதனை விடுவித்து, இறைவனிடமும் அயலவனிடமும் அவனைத் திருப்பும் பயிற்சியே அது.

பசியை விரும்பி ஏற்பவரும், பசியைத் தவிர வேறு வழியற்றவரும் ஒரே ஊரில்தான் வாழ்கின்றனர். முன்னவரின் வீட்டில் மிஞ்சிய பிடி அரிசி பின்னவரின் அடுப்பைச் சென்றடையாதவிடத்து, அந்நோன்பு வெறும் பட்டினியாகவே முடிந்துவிடும் என்பதை நாம் மறத்தலாகாது.