முற்றத்து மூடிக்குக் கீழே

தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த நமக்குச் சாக்கடையைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வாசற்படிக்கு எதிரே சிமெண்டுக் கால்வாய் ஓடும். குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் நம் கண்முன்னே அதில் போகும். அடைத்துக்கொண்டால் துடைப்பத்தால் இரண்டு தள்ளுத் தள்ளினால் சரியாகிவிடும். தாமானில் புது வீடு வாங்கிக் குடிபோகும்போதோ கதை வேறு. அங்கே சாக்கடை இரண்டு. ஒன்று கண்ணுக்குத் தெரியும்; மற்றொன்று தெரியாது. தெரியாத சாக்கடையின் வாசல்தான், புல்லுக்கு நடுவே நாம் அலட்சியமாக மிதித்துப் போகும் அந்த மூடி.

நாங்களே அதை அலட்சியம் செய்தவர்கள்தாம். கிள்ளானில் ஒரு வரிசை வீட்டை வாங்கி, முன்முற்றத்துக்கு டைல்ஸ் போட ஆள் வைத்தோம். "சார், இந்த மூடி நடுவுல அசிங்கமா இருக்கு, மேலேயே டைல்ஸ் ஒட்டிடலாம்" என்றார் அவர். நாங்களும் தலையாட்டினோம். மூன்றாம் ஆண்டு தீபாவளிக்கு முதல் நாள், வீடு நிறைய உறவினர். முறுக்குச் சுட்ட எண்ணெய்ச் சட்டியைச் சுடுநீர் விட்டுத் தொட்டியிலேயே கழுவினோம். அன்று இரவு கழிவறைத் தண்ணீர் கீழே இறங்காமல் மேலே வந்தது. அடைப்பெடுக்க வந்த தம்பிக்கு மூடி எங்கே என்று தெரியவில்லை. எங்களுக்கும் நினைவில்லை. மூன்று இடத்தில் டைல்ஸை உடைத்த பிறகே கிடைத்தது. அந்தச் செலவுக்கு ஒரு ஜோடி வளையல் அடகுக் கடைக்குப் போயிற்று.

இந்த இரண்டு சாக்கடையின் வேலையைப் பார்ப்போம். வீட்டைச் சுற்றி ஓடும் திறந்த லோங்காங் மழைத் தண்ணீருக்கு உரியது. அது தெருக் கால்வாயில் சேர்ந்து, கடைசியில் ஆற்றுக்குப் போகும். மண்ணுக்குள் ஓடும் குழாய், கழிவறைத் தண்ணீருக்கு உரியது. பழைய வீடுகளில் சமையலறைத் தண்ணீர் லோங்காங்குக்குப் போகும். புது வீடுகளில் பெரும்பாலும் கழிவுக் குழாயோடு சேர்ந்துவிடுகிறது. இந்தக் குழாய் பொதுக் குழாயில் சேர்ந்து சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. பிரிக்பீல்ட்ஸுக்குச் சற்றுத் தள்ளி, பந்தாய் டாலாமில் அப்படி ஒரு பெரிய நிலையம் நிலத்துக்கடியிலேயே இயங்குகிறது. மேலே மக்கள் நடக்கும் பூங்கா. பொதுக் குழாய்களை 1994 முதல் இண்டா வாட்டர் நிறுவனம் பார்த்துவருகிறது. நம் வீட்டிலிருந்து பொதுக் குழாய் வரை உள்ள குழாயோ நம்முடையது. அதில் அடைத்தால் செலவும் நம்முடையதே.

குழாய் திரும்பும் இடத்திலும், இரண்டு குழாய் கூடும் இடத்திலும் அழுக்குத் தங்கும். அங்கே கையும் கோலும் நுழைய வழி வேண்டும் என்றுதான் ஒரு குழியைக் கட்டி மூடி போடுகிறார்கள். ஆகவே அதன்மேல் சிமெண்டு பூசுவதும், சமையலறையை நீட்டி அதன்மேல் சுவர் எழுப்புவதும் நம் கழுத்தை நாமே இறுக்குவது போல. அழகு வேண்டுமென்றால், மூடிக்குள்ளேயே டைல்ஸ் பதித்துக் கழற்றி மாட்டும் வகை கடைகளில் கிடைக்கிறது. மண் கொட்டிப் புல் வளர்ப்பவர்கள் மூடியைத் தரைமட்டத்துக்கு உயர்த்திக் கட்டச் சொல்ல வேண்டும். பக்கத்தில் மாமரமோ முருங்கையோ வேண்டாம். வேர் ஈரத்தைத் தேடிக் குழாய் இணைப்புக்குள் நுழைந்துவிடும். கறிவேப்பிலையைத் தொட்டியில் வைத்தால் போயிற்று.

இன்னொரு தவறும் நடக்கிறது. கூரைத் தண்ணீரைக் கொண்டுபோய் இந்தக் குழிக்குள் விடுகிறார்கள். நம் ஊர் மழை கொட்டும்போது அந்தச் சிறு குழாய் தாங்குமா? அக்கம்பக்கத்து வீடுகளிலும் கழிவு பொங்கும்.

கிள்ளானுக்கும் சாக்கடைக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1901இல் மால்கம் வாட்சன் என்ற டாக்டர் கிள்ளானுக்கு வந்தார். அதே ஆண்டு திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்தில், மலேரியா ஆட்களை அள்ளிக்கொண்டு போயிற்று. சதுப்பை வடிக்கக் கால்வாய் வெட்டி, காட்டை அழிக்கச் செய்தார் அவர். அடுத்த ஆண்டே நகரிலும் துறைமுகத்திலும் காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது, சுற்றுப்புறத்திலோ குறையவில்லை. மேட்டுநிலத் தோட்டங்களில் மட்டும் இந்த வைத்தியம் பலிக்கவில்லை. அங்கே கொசு வகை வேறு. வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடுவது அது. காட்டை அழித்ததும் அதற்கு வசதியாகிவிட்டது. அதனால் ஓடைத் தண்ணீரை மண்ணுக்குள் களிமண் குழாய் வழியே ஓடவிட்டார்கள். நம் பாட்டன் பாட்டிகளில் எத்தனையோ பேர் பிழைத்தது அந்தக் கால்வாய்களாலும் குழாய்களாலும்தான். இன்றைக்கு டெங்கிக் கொசுவுக்குச் சதுப்பு வேண்டாம். லோங்காங்கில் சரிவு தவறித் தேங்கிய ஒரு சாண் தெளிந்த தண்ணீர் போதும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். வீட்டில் கொசு வளரவிட்டால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு.

சாவி கையில் வந்த அன்றே ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு பேராக மூடியைத் திறங்கள். குழியின் அடியில் அரைவட்ட வாய்க்கால் வழவழப்பாக இருக்க வேண்டும். கட்டுமானக்காரர்கள் விட்டுப்போன சிமெண்டுக் கட்டியும் மரத்துண்டும் கிடப்பது சாதாரணம். ஒருவர் உள்ளே போய்க் கழிவறையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றட்டும். அது தேங்காமல் ஓடுகிறதா என்று மற்றவர் பார்க்கட்டும். லோங்காங்கிலும் ஊற்றிப் பாருங்கள். குறை இருந்தால் எழுதிக் கொடுங்கள்; வாயால் சொன்னது காற்றோடு போகும். உரிமம் பெற்ற மேம்பாட்டாளரிடம் வாங்கிய புது வீட்டுக்கு, சாவி ஒப்படைத்த நாளிலிருந்து 24 மாதக் குறைதீர்ப்புக் காலம் உண்டு. எழுத்து மூலம் அறிவித்த 30 நாளுக்குள் அவர் தம் செலவில் சரிசெய்து தர வேண்டும். கடிதத்தின் நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

மூடியைத் திறக்கலாம் என்றோமே, உள்ளே இறங்கலாம் என்று சொல்லவில்லை. இதை அழுத்திச் சொல்கிறோம். கழிவு அழுகும்போது அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு உண்டாகும். அது அளவுக்கு மீறினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "நாற்றமில்லை, இறங்கலாம்" என்று இறங்குபவர் மயங்கி விழுவார். தூக்கப் போகும் தம்பியும் விழுவார். ஆழமான குழிகளில் இப்படி ஒருவர் பின் ஒருவராக மாண்ட செய்திகள் நம் நாட்டிலும் தமிழகத்திலும் வந்துகொண்டே இருக்கின்றன. நெருப்புக்குச்சி கிழித்துப் பார்ப்பதும் ஆகாது; உள்ளே எரிவாயு இருக்கலாம். திறந்த குழியருகே பிள்ளைகளை விடாதீர்கள்.

தெருவில் உள்ள இரும்பு மூடிகளைப் பழைய இரும்புக்காகத் திருடுகிறவர்கள் உண்டு. மூடி இல்லாத குழியைக் கண்டால் மரக்கிளை ஒன்றை நட்டு வைத்துவிட்டு நகராண்மைக் கழகத்துக்கோ மாநகர் மன்றத்துக்கோ தகவல் சொல்லுங்கள். வெள்ளத்தில் மூடி தானாகவே நகரவும் கூடும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது தெரு எது, கால்வாய் எது என்று தெரியவில்லை. அப்படி நடக்க நேர்ந்தால் கையில் கழி வைத்து, தட்டிப் பார்த்துக் காலை எடுத்து வைக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது எண்ணெய்ச் சட்டியைப் பழைய செய்தித்தாளால் துடைத்துவிட்டுத்தான் கழுவுகிறோம். மின்சாரப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. முன்சுவரிலிருந்து ஏழடி, இடப்பக்க வேலியிலிருந்து நாலடி என்று மூடியின் இடத்தை அளந்து அதில் வரைந்து வைத்திருக்கிறோம்.