குடிலுக்காகத் தோப்பா, தோப்புக்காகக் குடிலா?

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள். விருத்தாசலம் பக்கத்துச் செம்மண் மேட்டில் பாடுபடுகிற எங்களுக்கு இது பழமொழி மட்டுமில்லை, வேலைப் பட்டியலும்கூட. கீழே மல்லாட்டையில் விழுது இறங்குகிற நேரம். மேலே முந்திரி பூத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த கூரை பனியிலும் ஊறி, பிரித்துப் பார்க்கச் சொல்லும். இதற்கு நடுவில் பொங்கலில் தொடங்கி மாசி மகம் வரைக்கும் விருந்தாளிகள் வந்து போய்க்கொண்டு இருப்பார்கள்.

எங்கள் நிலம் ஆறு ஏக்கர். நாலு ஏக்கர் முந்திரி, நடு நடுவே பலா. ஒரு ஏக்கர் மல்லாட்டை. மீதியில் வீடு, மாட்டுக் கொட்டகை, வெளியூர்க்காரர்கள் தங்க இரண்டு குடில்கள். "குடில் போட்டா கட்டுப்படியாகுதா?" என்று உழவர் கூட்டங்களில் பலர் கேட்கிறார்கள். இந்த ஆண்டு அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

குடில் வந்த கதை

2011 டிசம்பர் 30 காலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே தானே புயல் கரையேறியது. மாவட்டம் முழுக்க முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை நம் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். எங்கள் தோப்பிலும் பாதி மரம் போனது. ஒட்டுக்கன்று நட்டால் மூன்றாம் ஆண்டில்தான் காய் பார்க்கலாம், சொல்லும்படியான வரும்படிக்கு இன்னும் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை சோற்றுக்கு என்ன செய்வது?

விழுந்த பலாவை அறுத்துக் கதவும் நிலையும் செய்தோம். எங்கள் மண்ணிலேயே சுவர் எடுத்தோம். கரும்பு வெட்டிய வயலில் சோகை கட்டி வந்து கூரை வேய்ந்தோம். நகரத்தில் இருந்து வந்தவர்கள் தங்கிப் போனார்கள். அந்தக் காசில்தான் இளங்கன்றுகள் பிழைத்தன. தோப்பைக் காப்பாற்றத்தான் குடில் வந்தது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

தை, மாசியில் செய்கிற வேலைகள்

கூரை: சோகைக் கூரை இரண்டு, மூன்று ஆண்டுகள்தான் தாங்கும். இங்கே கரும்பு வெட்டு நடக்கிற இந்த மாதங்களில்தான் புதுச் சோகை கிடைக்கும். மக்கின பழைய சோகையை எரிப்பதில்லை, மாட்டு மூத்திரத்தில் நனைத்து மரத்தடியில் மூடாக்குப் போடுகிறோம். கூரைக்கான மூங்கிலைக் குளத்தில் மூன்று வாரம் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்திக் கட்டுகிறோம். மூங்கிலில் இருக்கிற மாவுச்சத்து தண்ணீரில் கரைந்துவிட்டால் உளுத்துப் போவது குறையும்.

தரை: வாரம் ஒருமுறை சாணி மெழுகல். சுவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை சுண்ணாம்பு. சுவரடியில் மழைத்தண்ணி தேங்காமல் இருக்க, விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் கழித்துப் போடுகிற உடைசலை வாங்கிவந்து சுற்றிலும் கொட்டியிருக்கிறோம். சாறல் மண் சுவரில் தெறிக்காது, கரையான் மண் ஏற்றினாலும் உடனே கண்ணுக்குத் தெரியும்.

முந்திரி: ஒவ்வொரு மரத்தின் அடியையும் உட்கார்ந்து பார்க்க வேண்டிய காலம் இது. பிசின் வடிந்து, மரத்தூள் மாதிரி உதிர்ந்து கிடந்தால் தண்டுத் துளைப்பான் உள்ளே இருக்கிறது. பட்டையைச் செதுக்கி, வளைந்த கம்பியால் புழுவை எடுத்துவிட்டு, 5 சதம் வேப்பெண்ணெய்க் கரைசலை அடியில் இருந்து மூன்றடி உயரம் வரை தடவுகிறோம். இலை முழுக்க மஞ்சளாகி, வேரும் அரிக்கப்பட்டுப் போன மரத்தைத் தயங்காமல் எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் அங்கிருந்து அடுத்த மரத்துக்குப் போகும்.

தளிரிலும் பூங்கொத்திலும் சாறு உறிஞ்சுகிற தேயிலைக் கொசுதான் இன்னொரு எதிரி. 100 லிட்டருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஊறவைத்து வடிகட்டித் தெளிக்கிறோம். தேனீ அடங்கின பிறகு, சாயங்காலம் மட்டும்தான்.

மல்லாட்டை: மார்கழியில் விதைத்தது. 40 முதல் 45 நாளுக்குள் களை எடுத்து, ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைத்துவிடுகிறோம். அதன்பிறகு விழுது இறங்குகிற மண்ணைக் கிளறக் கூடாது. விருந்தாளிப் பிள்ளைகள் ஓடி விளையாடுவதும் அந்த நேரம் பார்த்துத்தான்! வரப்பில் கயிறு கட்டி, "விழுது எப்படி மண்ணுக்குள்ள போவுது பாரு" என்று ஒரே ஒரு செடியை மட்டும் காட்டுகிறோம். பார்த்த பிள்ளை அடுத்த பிள்ளையைக் காலை வைக்க விடாது.

தீ: மாசி பிறந்தால் முந்திரிச் சருகு காய்ந்துவிடும். அந்தச் சருகுதான் எங்கள் உரம், நெருப்புப் பிடித்தால் அதுவே எமன். தோப்பைச் சுற்றிப் பத்தடிக்குச் சருகு கூட்டி ஒதுக்கி இடைவெளி விடுகிறோம். குடிலைச் சுற்றியும் அப்படியே. பீடி, சிகரெட், இரவில் நெருப்பு மூட்டிப் பாடுவது எதுவும் கிடையாது. ஒத்துக்கொள்கிறவர்களுக்குத்தான் சாவி.

முசுறும் விருந்தாளியும்

எங்கள் மரங்களில் முசுறு கூடு கட்டியிருக்கிறது. தேயிலைக் கொசுவை விரட்டுவதில் முசுறுக்கு இணையில்லை. ஆஸ்திரேலியாவில் முந்திரித் தோட்டங்களில் இதையே ஆராய்ந்து, கூடுகளை மரத்துக்கு மரம் பரப்பி வளர்க்கிற முறையை வகுத்திருக்கிறார்கள். ஆனால் கடி வாங்கின விருந்தாளிக்கு இதெல்லாம் தெரியுமா? "சார், இந்த எறும்புக்கு ஏதாவது மருந்து அடிங்களேன்" என்பார்கள்.

மருந்து அடிக்க மாட்டோம். குடிலை ஒட்டிய கிளைகளைக் கூரையில் படாமல் கழித்துவிட்டோம். கட்டில் கால், அலமாரிக் கால் ஒவ்வொன்றின் கீழும் ஒரு பீங்கான் கிண்ணம், அதில் தண்ணீர். எறும்பு ஏறாது. கிண்ணத்துத் தண்ணீரை மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் கொசு முட்டையிடும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பக்கத்துத் தோப்பில் பூ நேரத்தில் ரசாயனம் அடிக்கிறார்கள். சண்டை போடவில்லை. முதல் நாளே சொல்லிவிடுமாறு கேட்டிருக்கிறோம், சொல்லிவிடுகிறார். அந்த இரண்டு நாள் குடில் பூட்டு. வாடகை போகத்தான் செய்கிறது. நஞ்சில்லாப் பண்ணை என்று சொல்லி அழைத்துவிட்டு, மருந்து வாடையில் பிள்ளைகளைப் படுக்க வைக்க முடியுமா?

நீச்சல்குளக் கணக்கு

இந்தத் தையில் என் மனைவியின் அண்ணன் மகன் வந்தான். படித்தவன், கெட்டிக்காரன். "மாமா, மேற்கால இருக்கிற பழைய மரம் ஒரு ஏக்கரை எடுத்துடலாம். இன்னும் நாலு குடில், ஒரு சின்ன நீச்சல்குளம். பணம் நான் போடுறேன்" என்றான். வீட்டில் எல்லோருக்கும் ஆசைதான். முந்திரி விலை ஒரு ஆண்டு இருப்பது மறு ஆண்டு இருப்பதில்லையே. நானும் உடனே மறுத்துவிடவில்லை. "வா, கணக்குப் போடலாம்" என்றேன்.

20 அடி நீளம், 10 அடி அகலம், 4 அடி ஆழம் என்றால் 800 கன அடி. அதாவது ஏறக்குறைய 22,600 லிட்டர். எங்களிடம் 100 இளங்கன்றுகள் இருக்கின்றன. கன்றுக்கு வாரம் 20 லிட்டர் என்றால் மொத்தம் 2,000 லிட்டர். குளத்தை ஒருமுறை நிரப்புகிற தண்ணீர் கன்றுகளுக்குப் பதினோரு வாரம் வரும். மாசியில் இருந்து வைகாசி வரை, ஒரு கோடை முழுக்க! குளோரின் கலந்த அந்தத் தண்ணீரை வெளியே விட்டால் எந்தச் செடிக்குக் கட்டுவது?

அடுத்தது ஆள். கூரை வேய்கிற, களை எடுக்கிற கைகள்தான் குடிலையும் பெருக்குகின்றன. ஆறு குடில் ஆனால், கொட்டை பொறுக்குகிற பங்குனியில் அந்தக் கைகள் எங்கே இருக்கும்? என் மனைவி ஒரே கேள்விதான் கேட்டாள்: "மரத்த எடுத்துட்டா, வர்றவங்க எதப் பாக்க வருவாங்க?"

இத்தாலியில் 1985லேயே பண்ணைச் சுற்றுலாவுக்குத் தனிச் சட்டம் போட்டார்கள். உழவுதான் முதன்மைத் தொழில், விருந்தோம்பல் அதைச் சார்ந்த துணைத் தொழில் என்பது அதன் அடிப்படை. நம் நாட்டில் மகாராஷ்டிரம் 2020இல் வேளாண் சுற்றுலாவுக்குக் கொள்கை கொண்டுவந்தது. சட்டம் இருக்கட்டும், இல்லாமல் போகட்டும், நமக்கு நாமே அந்தக் கோட்டைப் போட்டுக்கொள்வது நல்லது.

மரத்தை எடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். மிகவும் தளர்ந்துபோன பன்னிரண்டு மரங்களுக்குப் பதிலாக, ஆடி, ஆவணியில் விருத்தாசலம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 ஒட்டுக்கன்று நடப்போகிறோம். அவன் போட நினைத்த பணத்தில் கொஞ்சத்தை வைத்துச் செக்கெண்ணெய், உடைத்த முந்திரிப் பருப்பு, பலாப்பழ வற்றல் இவற்றை வருகிறவர்களுக்கு நேரடியாக விற்கலாம் என்றேன். முகம் கொஞ்சம் சுருங்கித்தான் போனது. "அடுத்த வருஷம் மறுபடி பேசுவோம் மாமா" என்று சொல்லியிருக்கிறான். பேசட்டும். கணக்கு நோட்டு இங்கேதான் இருக்கிறது.

தொடங்க நினைப்பவர்களுக்கு

முதலில் பண்ணை நிற்கட்டும், பிறகு குடில். கைக்கு எட்டுகிற பொருளில் கட்டுங்கள், நீங்களே பழுது பார்க்க முடியும். குளியல் தண்ணீரைக் கல்வாழைக்கும் வாழைக்கும் திருப்புங்கள். சோப்புக்குப் பதில் சீயக்காயும் பயத்தமாவும் நீங்களே வையுங்கள். குடில் வரவையும் தோப்பு வரவையும் தனித்தனி நோட்டில் எழுதுங்கள். உள்ளாட்சியிடமும் சுற்றுலாத் துறையிடமும் என்னென்ன பதிவு தேவை என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாசி மகத்துக்கு மணிமுத்தாற்றுக்கும் பழமலைநாதர் கோயிலுக்கும் வருகிறவர்களுக்காக இரண்டு குடிலும் தயாராக இருக்கின்றன. பங்குனி பிறந்தால் கொட்டை உதிர ஆரம்பித்துவிடும். அதன்பிறகு பொறுக்கி முடிக்கும் வரைக்கும் இரண்டுக்கும் பூட்டுதான்.