குறை யாருடையது?

குற்றியலுகரம் படித்திருப்பீர்கள். ஒரு மாத்திரை உகரம் அரை மாத்திரையாகக் குறைகிறது. இலக்கணம் உகரத்தின்மேல் பழி போடுவதில்லை. சொல்லின் கடைசியில், வல்லின மெய்மேல் ஏறி நிற்பதால் குறைந்தது என்று நிற்கும் இடத்தைக் காட்டுகிறது.

சேரிப் பெண்ணின் மருத்துவச் சீட்டில் அந்த நியாயம் கிடையாது. ‘ரத்தசோகை’ என்று எழுதிவிட்டு, “ஒழுங்கா சாப்பிட மாட்டியா?” என்று அதட்டல் வேறு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. பாதிப் பேருக்கு மேல் சாப்பிடத் தெரியாதவர்களா? எல்லோருக்கும் போட்டுவிட்டுச் சட்டியில் மிஞ்சியதைத் தின்கிறவள் அவள்.

முருங்கைக்கீரை, பேரீச்சை, மாதுளை என்று அறிவுரை வரும். மாதுளை விற்கிற விலையில்! நம் அடுப்பில் காலங்காலமாக வெந்த மாட்டு ஈரலும் சுவரொட்டியும் அந்தப் பட்டியலில் வருவதில்லை. கீரையின் இரும்புச்சத்தைவிட ஈரலின் இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்கும்; இது மருத்துவப் பாடத்திலேயே உள்ளது. (கர்ப்பிணிகள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம்.) இந்த உணவைச் சொல்லித்தான் நம்மை இழிவுசெய்தார்கள். கல்லூரி விடுதிக்குப் போன நம் பிள்ளைகள் வீட்டில் என்ன குழம்பு என்று சொல்லக்கூடக் கூசுகிறார்கள்.

அடுத்த முறை கிராமச் செவிலியர் வரும்போது, சீட்டில் ஈரலையும் எழுதச் சொல்லுங்கள்.