வெப்பநிலையை அளத்தலும் ஒப்பிடலும் மாற்றலும்

ஒரு பொருள் சுடுகின்றது என்று சொல்வதற்குக் கை போதும். எவ்வளவு சுடுகின்றது என்று சொல்வதற்குக் கை போதாது. இவ்வுண்மையை மாணாக்கர் முதலிற் பட்டறிதல் வேண்டும். அதற்கு முன்னரே வெப்பமானியை அவர் கையிற் கொடுத்துவிட்டால், அஃது அவர்க்கு வெறுங் கண்ணாடிக் குழாயாகவே தோன்றும். அதன் தேவை விளங்காது.

தீவகத்துப் பிள்ளைகளுக்கு இதனை உணர்த்த விசேட கருவி எதுவும் வேண்டுவதில்லை. மார்கழி வைகறையிற் கிணற்றில் அள்ளி வார்க்கும் நீர் வெதுவெதுப்பாயிருக்கும். சித்திரை நண்பகலில் அதே கிணற்றின் நீர் குளிர்ந்திருக்கும். கிணறு மாரியிற் சூடாகிக் கோடையிற் குளிர்கின்றதென்றே சிறுவர் எண்ணியிருப்பர். வாளியில் அள்ளியவுடன் வெப்பமானியை நீருள் வைத்து வாசித்தால், இரு பருவத்து நீருக்கும் உள்ள வேறுபாடு சிறிதே என்பது தெரியவரும். பெரிதும் மாறியது காற்று. அக்காற்றிலே நின்ற உடம்பு அதனை அளவுகோலாகக் கொண்டு நீரை மதிப்பிட்டது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் யோன் லொக் என்னும் ஆங்கில மெய்யியலாளரும், ஒரே நீர் ஒரு கைக்குச் சூடாகவும் மறு கைக்குக் குளிராகவும் தோன்றக்கூடும் என்பதை எடுத்துக்காட்டினார். மூன்று சட்டிகளிற் குளிர்நீர், சாதாரண நீர், இளஞ்சுடுநீர் ஆகியவற்றை வைத்து, ஒரு கையை முதலாவதிலும் மறு கையை மூன்றாவதிலும் சிறிது நேரம் வைத்திருந்து, பின்னர் இரண்டையும் நடுச்சட்டியில் இடச் செய்தால், வகுப்பு முழுவதும் இதனை ஐந்து நிமிடத்தில் உணர்ந்துகொள்ளும். இதன் பின்னர் வெப்பமானி ஏன் வேண்டும் என்ற வினா மாணாக்கரிடமிருந்தே எழும்.

அடுத்து எழுவது எந்த அளவிடை என்ற வினா. தீவகத்து வீடுகளில் இரண்டு அளவிடைகள் ஒருங்கே வழங்குகின்றன. வானிலை அறிவிப்பு செல்சியசில் வருகின்றது. காய்ச்சலோ இன்றும் பெரும்பாலும் பரனைற்றிலேயே பேசப்படுகின்றது. "பிள்ளைக்கு நூற்றிரண்டு" என்றால் எந்தத் தாய்க்கும் விளங்கும். இலங்கையில் 1970களில் தொடங்கிய மெற்றிக் மாற்றம் மைலையும் கலனையும் வழக்கிலிருந்து பெரும்பாலும் அகற்றிற்று. காய்ச்சலின் நூற்றிரண்டை அகற்றவில்லை. (பாணும் இன்னும் இறாத்தலிலேதான் கேட்கப்படுகின்றது.) இப்பொழுது கடைகளில் விற்கப்படும் இலத்திரனியல் வெப்பமானிகளோ ஒரு பொத்தானை அழுத்தியதும் ஓர் அளவிடையிலிருந்து மற்றதற்கு மாறுவனவாயும் உள்ளன. நூற்றிரண்டுக்குப் பழகிய வீட்டில் அக்கருவி 38.9 என்று காட்டினால், "நூறுகூட இல்லையே" என்று ஆறுதலடைவோரும் உண்டாகலாம். இரண்டும் ஒரே காய்ச்சலே. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் துறைக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் செல்லும். அதன் பின்னரும் யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி உண்டு. கடைசிப் படகு புறப்படுமுன் நோயாளியை ஏற்றுவதா, விடிய விடலாமா என்று முடிவு செய்வோர் கையிலுள்ள எண்ணைப் பிழையாகப் பொருள் கொண்டால், அப்பிழை பரீட்சைத் தாளில் ஒரு புள்ளியை இழப்பதோடு நிற்பதன்று.

இவ்விரண்டு அளவிடைகளும் எவ்வாறு தோன்றின என்பதை அறிந்தாற் பாதிக் குழப்பம் தீரும். டானியல் கபிரியேல் பரனைற்று 1686இல் டான்சிக் நகரிற் பிறந்து, ஒல்லாந்து நாட்டில் வாழ்ந்து, கருவி செய்வதைத் தொழிலாகக் கொண்டவர். 1714ஆம் ஆண்டளவில் அவர் இரச வெப்பமானியை அமைத்தார். தம் அளவிடையை 1724இல் வெளியிட்டார். அக்காலத்தில் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் ஆட்சியிலேயே இருந்தது. 1658 முதல் 1795 வரை ஆண்ட அவர்கள் தீவகத்துத் தீவுகளுக்குத் தம் நாட்டு நகர்ப் பெயர்களை இட்டனர்: காரைதீவு அம்ஸ்ரடாம், வேலணைத்தீவு லெய்டன், புங்குடுதீவு மிடல்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு றொட்டர்டாம், எழுவைதீவு ஹூர்ன், நெடுந்தீவு டெல்வ்ற். இவற்றுள் இறுதிப் பெயரே இன்றும் வழங்குகின்றது. பரனைற்று தொழில் செய்தது மூல அம்ஸ்ரடாமில். அவருடைய வெப்பமானிகளைப் பயன்படுத்திய புகழ்பெற்ற மருத்துவர் பூர்காவ கற்பித்தது மூல லெய்டனில். காரைநகர்ப் பிள்ளைக்கும் வேலணைப் பிள்ளைக்கும் இச்செய்தியைக் கூறினால், பரனைற்று என்னும் பெயர் வாய்பாட்டிலுள்ள ஓர் எழுத்தாக மட்டும் நில்லாது.

பரனைற்று மூன்று நிலைகளைக் குறித்தார். பனிக்கட்டி, நீர், நவச்சாரம் அல்லது கடலுப்புச் சேர்ந்த கலவையின் குளிரைச் சுழியம் என்றார். உப்பில்லா நீரும் பனிக்கட்டியும் சேர்ந்த நிலையை 32 என்றார். நலமுள்ள மனிதன் உடற்சூட்டை 96 என்றார். பிற்காலத்தில் நீரின் கொதிநிலையை 212 என நிலைநாட்டி அளவிடையைத் திருத்தியதனால் உடற்சூடு 98.6 என்று வந்தது. சுவீடன் தேசத்து அறிஞர் ஆண்டர்சு செல்சியசு 1742இல் உருகுநிலைக்கும் கொதிநிலைக்கும் இடையே நூறு கூறுகள் இட்டார். ஆயின் கொதிநிலைக்கே சுழியத்தையும் உருகுநிலைக்கு நூறையும் கொடுத்தார்! அவர் 1744இல் இறந்தபின் அது தலைகீழாக்கப்பட்டது. சென்றிகிறேட் என்று நெடுங்காலம் வழங்கியதற்குச் செல்சியசு என்னும் பெயரை நிறைகள் அளவைகள் பற்றிய பொதுமாநாடு 1948இல் ஏற்றது. இவ்வரலாற்றிலிருந்து மாணாக்கர் கொள்ளவேண்டுவது ஒன்றே: சுழியம் எங்கே வைக்கப்பட்டது, ஒரு பாகை எவ்வளவு பெரிது என்ற இரண்டும் மனிதர் இட்டவை. ஓர் அளவிடையை அறிதல் என்பது இவ்விரண்டையும் அறிதலேயாம்.

நிலைத்த புள்ளிகளைப் புத்தகத்திற் படிப்பதிலும் பள்ளியிலேயே நிறுவிப் பார்த்தல் நன்று. குறியிடாத வெப்பமானி கிடையாதாயின், குறியிட்ட வெப்பமானியின் கோடுகளை மெல்லிய தாளால் மறைத்துக்கொள்ளலாம். கீழ்நிலைத்த புள்ளிக்கு மீன் வாடிகளில் வழங்கும் ஐஸ் கிடைக்கும். ஆனால் ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். மீன் பெட்டியிலிருந்து எடுத்த ஐஸில் உப்புப் படிந்திருக்கும்; கழுவாது பயன்படுத்தினால் வாசிப்புச் சுழியத்திற்குக் கீழே செல்லும். கடல்நீர் உறைவது செல்சியசில் ஏறக்குறைய −1.9 பாகையில் என்பதை நினைவிற் கொள்க. தீவகத்துக் கிணறுகள் பலவற்றின் நீரும் உவரானது. ஆதலின் மழைநீரிற் கழுவி நொறுக்கிய ஐஸையே கொள்ளுதல் வேண்டும். பரிசோதனை முடிந்தபின் ஒரு பிடி உப்பை வேண்டுமென்றே இட்டு வெப்பநிலை இறங்குவதைக் காட்டினால், பரனைற்றின் சுழியம் எங்கிருந்து வந்தது என்பதும் கண்கூடாகும்.

மேல்நிலைத்த புள்ளியிற் குமிழை நீருள் அமிழ்த்தாது நீருக்கு மேலே ஆவியிற் பிடித்தல் வேண்டும். கரைந்துள்ள உப்பு நீரின் கொதிநிலையை உயர்த்தும். கடல்நீராயின் அரைப் பாகையளவு உயரும். குமிழின் மேல் ஒடுங்கும் ஆவியோ தூய நீரின் வெப்பநிலையையே காட்டும். இவ்வகையில் தீவகம் ஒரு நற்பேறு பெற்றது. கடல் மட்டத்தை ஒட்டிய நிலமாதலின் வளிமண்டல அமுக்கம் நியம அமுக்கத்துக்கு அண்மையில் உள்ளது. நீர் 100 பாகையிலேயே கொதிக்கின்றது எனலாம். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது 94 பாகைக்கு அண்மையிலேயே கொதித்துவிடும். அங்கே பருப்பு வேகப் பிந்துவது ஏன் என்று கேட்டுப் பார்க்கலாம்.

வாசிக்கும் முறைபற்றிச் சில சொற்கள் போதும். கண் திரவமட்டத்துக்கு நேரே இருத்தல் வேண்டும். மட்டம் அசையாது நிற்கும்வரை பொறுத்தல் வேண்டும். சாதாரண வெப்பமானியை நீருக்கு வெளியே எடுத்தபின் வாசித்தலாகாது. மருத்துவ வெப்பமானியைச் சுடுநீரில் இடலாகாது. அதன் அளவிடை ஏறத்தாழ 35 முதல் 42 பாகை வரையே உள்ளதாகையால் உடைந்துபோகும். இரசம் நச்சுடையது, மினமாற்றா உடன்படிக்கையின்படி இரச வெப்பமானிகளின் உற்பத்தியையும் வாணிகத்தையும் 2020உடன் நிறுத்துவதென நாடுகள் பல உடன்பட்டன. பள்ளிக்கு நிறமூட்டிய அற்ககோல் வெப்பமானியே ஏற்றது. காற்றின் வெப்பநிலையை வெயிலில் அளக்கும் வழக்கம் மாணாக்கரிடம் மிகுதி. வெயிலில் வைத்த குமிழ் கதிரை உறிஞ்சித் தன் சூட்டைக் காட்டுமேயன்றிக் காற்றின் சூட்டைக் காட்டாது. வானிலை நிலையங்களிற் காற்றுப் புகும் பலகணிச் சுவர்களையுடைய வெள்ளைப் பெட்டியுள் அதனை வைப்பது இதற்காகவே. காற்றோட்டமுள்ள பனையோலைக் கொட்டிலின் நிழல் பள்ளிக்குப் போதுமானது.

இனி ஒப்பிடல். இதுவே பாடத்தின் கடினமான பகுதி. ஆனால் பெரும்பாலும் கவனியாது விடப்படுவது. ஒரு நாள் நெடுந்தீவில் 32 பாகை செல்சியசு, நுவரெலியாவில் 16 பாகை என்று கொள்வோம். நெடுந்தீவு நுவரெலியாவைப்போல் இருமடங்கு சூடானதா என்று கேட்டால், வகுப்பிற் பலர் ஆம் என்பர். அதே வெப்பநிலைகள் பரனைற்றில் 89.6, 60.8 ஆகும். இருமடங்கு எங்கே போயிற்று? உலகம் மாறவில்லை, அளவிடை மட்டுமே மாறியது. அளவிடையோடு மாறிப்போகும் விகிதம் பொருளின் இயல்பாதல் இயலாது. வலையின் நீளம் பத்துப் பாகமாயினும் அதற்குரிய அடிக்கணக்காயினும், ஐந்து பாக வலையைப்போல் இருமடங்கே. நீளத்தின் சுழியம் மெய்யான இன்மையாதலின் விகிதம் நிலைக்கின்றது. செல்சியசின் சுழியமோ சூடே இல்லாத நிலையன்று. அத்தகைய நிலையிலிருந்து எண்ணும் கெல்வின் அளவிடையில் இவ்விரண்டும் ஏறக்குறைய 305, 289 ஆகும். நெடுந்தீவு நுவரெலியாவினும் நூற்றுக்கு ஐந்தரைப் பங்கே மிகுந்தது.

சிறுவர்க்கு விளங்கும் உவமை ஆண்டுக் கணக்கு. கிறித்துவாண்டு 2000 என்பது திருவள்ளுவராண்டு 2031. ஓர் ஆண்டைக் குறிக்கும்போது 31ஐக் கூட்டல் வேண்டும். ஆனால் ஒருவர் வயது பதினைந்து என்றால், அஃது எந்தக் கணக்கிலும் பதினைந்தே; வயதோடு 31ஐக் கூட்டுவார் இலர். குறித்த நிலை வேறு, இரு நிலைகளுக்கிடையேயுள்ள தூரம் வேறு. வெப்பநிலையிலும் இவ்வேறுபாடே உண்டு. பாகையின் பருமனும் வேறுபடுவது ஒன்றே இங்கு மிகை.

இவ்வளவும் தெளிந்தபின் மாற்றல் எளிது. வாய்பாட்டைக் கரும்பலகையில் எழுதித் தொடங்குவதிலும், வரைபுத்தாளில் ஓர் அச்சிற் செல்சியசையும் மற்றதிற் பரனைற்றையும் இட்டு, உருகுநிலைக்கு ஒரு புள்ளியும் கொதிநிலைக்கு ஒரு புள்ளியும் குறித்து நேர்கோட்டால் இணைக்கச் செய்தல் சாலச் சிறந்தது. செல்சியசில் 100 கூறுகள் பரனைற்றில் 180 கூறுகளுக்குச் சமம். ஆகவே ஒரு பாகை செல்சியசு 1.8 பாகை பரனைற்று. இதுவே கோட்டின் படித்திறன். 32 அதன் வெட்டுத்துண்டு. வாய்பாடு இவ்வாறு மாணாக்கர் கையாலேயே பிறக்கின்றது. கோட்டைக் கீழே நீட்டினால் −40இல் இரண்டு அளவிடைகளும் ஒன்றுபடுவதையும் அவர் தாமே காண்பர்.

மனக்கணக்குக்கும் வழியுண்டு. செல்சியசை இரட்டித்து, வந்ததிற் பத்திலொன்றைக் கழித்து, 32ஐக் கூட்டுக. 37ஐ இரட்டிக்க 74. அதிற் பத்திலொன்று 7.4, மிச்சம் 66.6, 32 கூட்ட 98.6. மறுதலையாக, பரனைற்றில் 32ஐக் கழித்து, அரைவாசியாக்கி, அதன் ஒன்பதிலொன்றைச் சேர்த்தல் வேண்டும். 102இல் 32 போக 70, அரைவாசி 35, ஒன்பதிலொன்று ஏறக்குறைய 3.9, விடை 38.9. இவை அண்ணளவு வழிகளல்ல, வாய்பாடே வேறு உருவில் அமைந்தது. ஒன்பதிலொன்றுக்குப் பதிலாகப் பத்திலொன்றைச் சேர்ப்போர் மட்டும் சிறிது குறைவாகப் பெறுவர்.

வித்தியாசத்தை மாற்றும்போது 32ஐச் சேர்த்தலே மாணாக்கர் செய்யும் பெரும் பிழை. மருந்து கொடுத்தபின் காய்ச்சல் ஒரு பாகை செல்சியசு இறங்கிற்று எனின், பரனைற்றில் 1.8 பாகை இறங்கிற்று என்பதே பொருள், 33.8 பாகை இறங்கின் உடம்பு பிணத்தினும் குளிர்ந்துவிடும்! 2015இற் பாரிசு உடன்படிக்கையிற் பேசப்பட்ட புவி வெப்பமேற்றத்தின் 1.5 பாகையும் பரனைற்றில் 2.7 பாகையே.

மாற்றிய எண் மூல எண்ணிலும் திருத்தமானதாகத் தோன்றுவதும் ஒரு மயக்கம். 1868இற் செருமானிய மருத்துவர் வுண்டர்லிக் உடற்சூட்டின் சராசரியை 37 பாகை என வெளியிட்டார். அதனைப் பரனைற்றாக்கிய 98.6இல் உள்ள தசமம் உடம்பிலிருந்து வந்ததன்று, பெருக்கலிலிருந்து வந்தது. 37 என்னும் முழுவெண் 36.5க்கும் 37.5க்கும் இடைப்பட்டதெனக் கொண்டால், பரனைற்றில் அது 97.7 முதல் 99.5 வரை பரந்து நிற்கும். 98.6இலிருந்து ஒரு தசமம் விலகியதும் நோய் என்று அஞ்சும் வீடுகளுக்கு இதனைப் பிள்ளைகள் எடுத்துச் சொல்லலாம். அவ்வீடுகளின் வெப்பமானிப் பெட்டிமேல் அவர்கள் தம் கையாலேயே எழுதி ஒட்டத் தக்க சிறு அட்டவணை இது: செல்சியசு 37க்குப் பரனைற்று 98.6, 38க்கு 100.4; 39க்கு 102.2, 40க்கு 104.