வலங்கைமானும் தில்லையாடியும்: விடுதலைப் போரில் பெண்கள் பெற்ற இடம்

காவிரிப் படுகையின் வலங்கைமான் என்றதும் கற்றோர் நினைவில் முந்தி வருபவர் மகாகனம் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார் (1869–1946) ஆவார். இவ்வூரிற் பிறந்த அப்பெருமகனார், 1927 முதல் 1929 வரை தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் முகவராகப் பணியாற்றினார். தம் நாவன்மையால் ஆங்குள்ள இந்தியர்க்கு மதிப்புத் தேடித் தந்தார். டர்பன் நகரில் 1929இல் எழுந்த சாஸ்திரி கல்லூரி இன்றும் அவர் பெயர் சொல்லும். ஆயின், அவர் அங்குச் செல்வதற்குப் பதினான்கு ஆண்டுகட்கு முன்னரே, மேடையும் பட்டமும் இல்லாத தமிழ்ப் பெண்கள் சிலர் அந்நாட்டு அரசை அசைத்திருந்தனர். அவருள் ஒருவர் நம் படுகையைச் சார்ந்த தில்லையாடியின் வழித்தோன்றல். நாவன்மையைப் போற்றும் நாம், அதற்கு வழியமைத்த சிறைவாசத்தையும் அறிதல் வேண்டும்.

மணத்தை மறுத்த தீர்ப்பு

1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்ற இந்தியர் ஏறத்தாழ 1,52,000 பேர். அவருள் தமிழர் மிகப் பலர். ஒப்பந்தம் முடிந்தும் மீண்டும் கூலிக்குச் செல்லாமலும் தாயகம் திரும்பாமலும் தங்கியோர்மீது ஆண்டுக்கு 3 பவுன் வரி விதிக்கப்பட்டது. பின்னர் 16 வயது கடந்த ஆண்மக்களையும் 13 வயது கடந்த பெண்மக்களையும் அவ்வரி பற்றிற்று. வரி கட்டுங்கால் பெண்ணும் ஆணும் ஒன்றே. உரிமை கேட்குங்கால் மட்டும் பெண் வேறாகக் கருதப்பட்டாள்.

இந்நிலையில் பாய் மரியம் என்னும் முஸ்லிம் பெண்மணியின் வழக்கு எழுந்தது. கணவர் ஹசன் ஈசாப்புடன் வாழ வந்த அவர் நாட்டினுட் புக அனுமதிக்கப்படவில்லை. 1913 மார்ச் 14 அன்று கேப் உச்சநீதிமன்ற நீதிபதி சியர்ல், பலதார மணத்திற்கு இடந்தரும் சமயமுறைப்படி நிகழ்ந்த மணம் சட்டப்படி மணமாகாது எனத் தீர்ப்பளித்தார். பெண்ணின் இசைவும் மஹரும் கொண்டு உறுதி செய்யப்படும் நிக்காஹ் ஒரே நாளிற் செல்லாதாயிற்று. ஒரு முஸ்லிம் பெண்ணுக்கு நேர்ந்த இவ்விழிவு இந்து, பார்சிப் பெண்களையும் உடன் தாக்கியது. மனைவியர் உரிமையற்றோராயினர், மக்களின் வாரிசுரிமையும் ஐயத்திற்குள்ளாயிற்று.

வீட்டிலிருந்து வீதிக்கு

முந்தைய போராட்டங்களிற் சிறைசெல்லப் பெண்கள் விரும்பியும், அயல்நாட்டிற் பெண்களைச் சிறைக்கு அனுப்புதல் தகாது எனக் காந்தியடிகள் தயங்கியிருந்தார். இத்தீர்ப்பு அத்தயக்கத்தை அகற்றியது. வழக்கே பெண்ணின் நிலையைப் பற்றியது. ஆதலின் வழக்காடும் உரிமை பெண்ணுக்கே முதலில் உரியதாயிற்று. ஆடவர்க்குத் துணையாக அன்றி, தம் வழக்கிற்குத் தாமே உரியோராகப் பெண்கள் களம் புகுந்தனர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

1913 செப்டம்பரில் கஸ்தூரிபாய் உள்ளிட்டோர் சிறை புகுந்தனர். டிரான்ஸ்வாலிலிருந்து பதினொரு பெண்கள், பெரும்பாலும் தமிழர், சிலர் கைக்குழந்தைகளுடன், அனுமதியின்றி எல்லை கடந்து நேட்டாலின் நியூகாசில் நகரை அடைந்தனர். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் அவர்தம் மொழியிலேயே 3 பவுன் வரியின் கொடுமையை எடுத்துரைத்தனர். வேலைநிறுத்தம் தீயெனப் பரவியது. அக்டோபர் 21இல் கைதான அப்பெண்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல் கிடைத்தது. அவர்கள் மூட்டிய தீ அணையவில்லை. நவம்பர் 6 அன்று புறப்பட்ட பெரும்பயணத்தில் 2,037 ஆண்களுடன் 127 பெண்களும் 57 சிறுவரும் நடந்தனர்.

தில்லையாடி வள்ளியம்மை

ஜொகன்னஸ்பர்க்கில் 1898இற் பிறந்த வள்ளியம்மை, தாயுடன் 1913 இறுதியிற் சிறை புகுந்தார். சிறையிற் பற்றிய காய்ச்சலால் நலிந்து, விடுதலையான சில வாரங்களில், 1914 பிப்ரவரி 22 அன்று உயிர்நீத்தார். அப்போது அவர்க்கு வயது 16. நோய்ப்படுக்கையிலும் மீண்டும் சிறைசெல்ல ஒருப்பட்டிருந்தார் எனக் காந்தியடிகள் குறித்துள்ளார். 1915இல் தமிழகம் வந்தபோது அடிகள் தில்லையாடிக்கே நேரிற் சென்றார்.

1914இல் இயற்றப்பெற்ற இந்தியர் துயர்தீர்ப்புச் சட்டம் 3 பவுன் வரியை நீக்கிற்று. ஒரு மனைவி என்னும் வரம்புடன் இந்தியரின் சமயமுறைத் திருமணங்களையும் ஏற்றது. முழு வெற்றி எனக் கூற இயலாதெனினும், சட்டமியற்றுவோர் முன் வாக்குரிமையற்ற பெண்கள் பெற்ற வெற்றி அது.

தாயகத்தில் அதன் எதிரொலி

பெண் சிறைசெல்லலாம் என்னும் எண்ணம் கடல் கடந்து தாயகத்திலும் வேரூன்றியது. கிலாபத் இயக்க நாள்களில் அலி சகோதரர்களின் அன்னையார் பீ அம்மாள் முதிய வயதிலும் நாடெங்கும் சென்று நிதி திரட்டினார். 1930 ஏப்ரலில் இராசாசியின் உப்புப் படை தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி வழியே வேதாரணியம் சென்றது. அப்போரில் சிறை புகுந்த முதற் பெண்மணி ருக்மிணி லட்சுமிபதி. அவரே 1946இல் சென்னை மாகாண அமைச்சரவையில் இடம்பெற்றார். சிறைக்கதவு திறந்த பின்னரே அவைக்கதவும் திறந்தது எனலாம்.

நாம் கருதத்தக்கது

நியூகாசில் சென்ற பதினொருவரின் பட்டியலைக் காந்தியடிகள் தம் நூலிற் பதித்துள்ளார். மணமாகாத இருவர் தவிர ஏனையோர் இன்னாரின் மனைவி என்றே அதில் இடம்பெறுகின்றனர். மனைவி என்னும் தகுதியை மீட்கச் சிறை சென்றவர்களின் சொந்தப் பெயர் அப்பட்டியலில் இல்லை. தம்பி நாயுடுவின் துணைவியார் வீரம்மாள் எனச் சிலரின் பெயரையே நாம் இன்று சொல்ல முடிகிறது.

சாஸ்திரியாரின் சொற்பொழிவுகள் நூல்களாக நிலைபெற்றன. அப்பெண்களின் சொற்கள் சுரங்க வாயிலிலேயே கரைந்தன. நம் படுகையின் ஊர்தோறும் விடுதலைப் போரிற் பங்குகொண்ட குடும்பங்கள் உள. அக்குடும்பப் பெண்டிரின் பெயர்களை, கணவர் பெயரால் அன்றி அவரவர் பெயராலேயே, மூத்தோரிடம் கேட்டுப் பதிவு செய்தல் நம் மாணவ மாணவியர் கடன். மூத்தோரும் அதற்கு வாய்திறந்து உதவுதல் வேண்டும். பாய் மரியத்தின் துயரைத் தம் துயராகக் கொண்டு சிறை புகுந்த அத்தாய்மார்க்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி அதுவே.