தண்டவாளம் கிடந்த தடத்தில் சக்கரக் காலணிகள்

காலில் சக்கரம் கட்டிக்கொண்டு வழுக்கிச் செல்லும் விளையாட்டு புதியதன்று. முன்னிரண்டும் பின்னிரண்டுமாக நான்கு சக்கரங்கள் பூண்ட காலணியை அமெரிக்கரான ஜேம்ஸ் பிளிம்ப்டன் 1863-இல் அமைத்தார். சக்கரங்கள் யாவும் ஒரே வரிசையில் நிற்கும் வகையை, அதாவது இன்லைன் ஸ்கேட்டை, உலகறியச் செய்தவர்கள் அந்நாட்டின் வடபகுதியிலுள்ள மின்னசோட்டா மாநிலத்து ஓல்சன் சகோதரர்கள். பனிக்கட்டி உருகிப்போகும் கோடையிலும் ஹாக்கி வீரர் பயிற்சி பெற வேண்டுமன்றோ? அத்தேவைக்காக 1980-ஐ ஒட்டி அவர்கள் தொடங்கிய சிறுதொழிலே பின்னர் ரோலர்பிளேடு என்று பெயர் பெற்றது.

காலணி வந்துவிட்டது, அதை மாட்டிக்கொண்டு எங்கே செல்வது? சைக்கிள் சக்கரத்தின் குறுக்களவு அறுபது, எழுபது சென்டிமீட்டர். இக்காலணியின் சக்கரமோ பெரும்பாலும் எட்டு சென்டிமீட்டர்தான். ஆதலால் சைக்கிள்காரர் கவனியாமலே கடந்துவிடும் வெடிப்பும், சிறு சுள்ளியும், ஒரு பிடி மணலும் இவரை முகங்குப்புறத் தள்ளிவிடும். ஈரமான சருகு அதனினும் கொடியது. தாரின்மேல் ஜல்லிப் பொடி தூவிய மேற்பரப்பு பாதங்களை அதிரவைத்துச் சோர்வூட்டும். இறக்கத்திலோ, குதிகாலின் பின்னேயுள்ள சிறு ரப்பர்க் கட்டை ஒன்றே பெரும்பாலோருக்குத் தடை. எனவே வழவழப்பான தார்த்தளம், மென்மையான ஏற்ற இறக்கம், மோட்டார் வண்டிகள் வாராமை என்ற மூன்றும் ஒருங்கே வாய்த்த பாதையே இவர்களுக்கு ஏற்றது.

அத்தகைய பாதையை யார் தேடி அமைத்துத் தருவார்? அறியாமலே அமைத்துத் தந்தது இரயில்வே. கனத்த சரக்கு வண்டியைச் செங்குத்தான மேட்டில் இழுக்க இயலாது. ஆகவே அக்காலப் பொறியாளர்கள் குன்றை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும், நூறடிக்கு ஓரிரு அடிக்குமேல் ஏறாதவாறே பெரும்பாலும் தடம் அமைத்தனர். 1916-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ நான்கு இலட்சம் கிலோமீட்டர் இருப்புப்பாதை இருந்தது. பின்னர் லாரிகளும் கார்களும் பெருகவே, ஒவ்வொன்றாகத் தடங்கள் கைவிடப்பட்டன. கைவிட்ட தடம் துண்டு துண்டாகப் பிரிந்து போனால் மீண்டும் இணைப்பது அரிது. இதனை உணர்ந்தே, இத்தகைய தடங்களை எதிர்கால இரயிலுக்கெனக் காத்துவைத்து, அதுவரை பொதுமக்களின் நடைபாதையாகப் பயன்படுத்தலாம் என்று 1983-இல் சட்டம் இயற்றினர். அருகிலிருந்த நிலவுடைமையாளர் சிலர் வழக்குத் தொடுத்தனர். அவர்கள் மனக்குறையும் காரணமற்றதன்று என்பதே நம் எண்ணம். 1990-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. எனினும் இழப்பீடு கோரும் வழியையும் அடைக்கவில்லை.

ஓல்சன் சகோதரரின் மின்னசோட்டாவிலேயே அத்தகைய பழைய இரயில் தடம் ஒன்று உண்டு. ஹிங்க்லி என்னும் சிற்றூரிலிருந்து துலூத் துறைமுக நகர்வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் தார்ப்பாதை அது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சட்டமன்றத்தில் பணியாற்றி, காடும் நீரும் காக்கப் போராடி, 1999-இல் மறைந்த வில்லர்ட் மங்கரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இத்தடத்திற்கு நெஞ்சை உருக்கும் வரலாறு ஒன்றுண்டு. 1894 செப்டம்பர் முதல் நாள். கோடை முழுவதும் மழை மிகக் குறைவு. மரம் வெட்டியவர்கள் விட்டுச்சென்ற கிளைகளும் சருகுகளும் காடெங்கும் காய்ந்து கிடந்தன. அன்று மூண்ட தீ சில மணி நேரத்தில் ஹிங்க்லியையும் அண்டை ஊர்களையும் விழுங்கியது. மாண்டோர் நானூற்றுக்கும் மேற்பட்டோர். துலூத்திலிருந்து வந்துகொண்டிருந்த இரயிலை நோக்கி மக்கள் கதறி ஓடிவந்தனர். எஞ்சின் ஓட்டுநர் ஜேம்ஸ் ரூட் அவர்களை ஏற்றிக்கொண்டு, வண்டியைத் திருப்ப வழியின்றி, ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் பின்னோக்கியே செலுத்தினார். வெப்பத்தில் கண்ணாடிகள் வெடித்து அவர் உடலைக் கிழித்தன. உடனிருந்த ஃபயர்மேன் ஜான் மெக்கோவன் அவர்மீது நீரை வாரி இறைத்தவாறே இருந்தார். பெட்டிகளிலோ, ஜான் பிளேர் என்னும் கறுப்பினப் பணியாளர் தம் அச்சத்தை மறைத்துக்கொண்டு பயணிகளைத் தேற்றினார். ஸ்கங்க் ஏரி என்ற ஆழமற்ற சேற்றுக் குட்டையை அடைந்து, அதில் இறங்கிக் கிடந்தே ஏறத்தாழ முந்நூறு பேர் உயிர் தப்பினர்.

அன்று தாய்மார் குழந்தைகளை மார்போடு அணைத்துத் தப்பிய அதே தடத்தில் இன்று பிள்ளைகள் சக்கரம் கட்டி விளையாடுகின்றனர். சைக்கிள்காரரும், நடப்போரும், சக்கர நாற்காலியில் வருவோரும் உடன் வருகின்றனர். சறுக்குபவர் கால்களை இருபுறமும் வீசுவதால் சற்று அகன்ற இடம் வேண்டுவார். ஆகவே வலப்புறம் ஒதுங்கிச் செல்வதும், முந்துமுன் குரல் கொடுப்பதும் அங்கே வழக்கம்.

பாதையைப் போட்டால் போதாது, பேணவும் வேண்டும். குளிர்காலத்தில் மண்ணிலுள்ள நீர் உறைந்து பருத்துத் தாரைக் குறுக்கே பிளக்கிறது. மரவேர்கள் கீழிருந்து மேலே தள்ளுகின்றன. 2012 ஜூன் மாதப் பெருவெள்ளம் துலூத் அருகே தடத்தையே அரித்துச் சென்றது. அதனைச் செப்பனிட்டனர்.

கார்ல்டன் என்ற ஊரிலிருந்து துலூத் வரையுள்ள ஏறத்தாழ இருபத்துமூன்று கிலோமீட்டரும் நீண்ட சரிவாகவே இறங்குகிறது. கைதேர்ந்தவர்க்கு அது பேரின்பம். தடை பிடிக்கக் கற்றிராத புதியவர்கள் தெற்கே ஹிங்க்லிப் பக்கத்துச் சமதளத்தில் தொடங்குவதே நன்று.